நொ என்றால் ஆமாம்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டம்மா எங்கள் கதவைத் தட்டினார். கையில் போன், கண் கலங்கியிருந்தது. பேரன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டான், திரும்பக் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, என்ன கோபமென்று தெரியவில்லை என்றார். உட்கார வைத்து, என்ன பேசினீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். 'பாட்டி, நான் பேசறது கேக்குதா?' என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும். சந்தோஷத்தில் 'நொ, நொ, நொ!' என்றிருக்கிறார்.

அந்த அம்மா செக்காரர். செக் மொழியில் ஆமாம் என்பதற்கு 'அனொ' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் வீட்டுப் பேச்சில், நாம் 'ம்ம்' கொட்டுகிற இடத்திலெல்லாம், 'ஆமாம்ப்பா, சொல்லு சொல்லு' என்கிற அர்த்தத்தில் அவர்கள் வாயில் வருவது 'நொ'. ஏழு வயதுப் பையன், பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் பேரன் குரல் கேட்டதும் வாய் தன் பழக்கத்தில் பேசிவிட்டது. அன்றிலிருந்துதான் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் நாங்கள் இருவரும் உட்கார ஆரம்பித்தோம்.

நான் கோயம்புத்தூர். வேலைக்காகச் செக் நாட்டின் பிர்னோ நகரத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எக்கச்சக்கமான நூற்பாலைகள் இருந்த காலத்தில் இதற்கு 'மொராவிய மான்செஸ்டர்' என்று பேர், மொராவியா என்பது இந்த ஊர் இருக்கிற பகுதி. நம் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்போமே, அதே மாதிரி. அந்த அம்மா ஒரு கம்பளி ஆலையில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது 68 வயது. 2004-இல் செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன் உடனே வேலைக் கதவைத் திறந்துவிட்டது. அடுத்த வருஷமே அவர் மகள் கிளம்பிப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு, அசல் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கிறார். பேரனுக்குச் செக் ஓரளவு புரியும், பேச வராது. பாட்டிக்குப் பள்ளியில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தது ரஷ்ய மொழி. 1989-இல் ஆட்சி மாறிய பிறகுதான் இங்கே பள்ளிகளில் ஆங்கிலம் பரவலாக வந்தது, அப்போது இவர் ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, பேரனோடு பேசுவதற்காக மட்டுமே ஒருவர் 68 வயதில் ஆங்கிலம் கற்கிறார். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் கடையில் ஒரு புத்தகம் வாங்கி வைத்திருந்தார். அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் என்று பட்டியல் போட்ட புத்தகம். அதில் பாதியை மனப்பாடம் செய்துவிட்டார், அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம் ஒரு பெரிய விஷயமில்லை. ஒட்டகச்சிவிங்கி தெரியும், விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் இடத்துக்கு என்ன பேர் என்று தெரியும். 'மூக்கைச் சிந்துடா', 'சிந்தாமச் சாப்பிடு', 'படிக்கட்டுல ஓடாத' - இதில் ஒன்றும் தெரியாது. ஒரு பாட்டி பேரனிடம் நாள் முழுக்கப் பேசுவது இவைதானே? அன்றாடச் சொல் என்றால் யாருடைய அன்றாடம் என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டியலைப் போட்டவருடைய அன்றாடத்தில் இந்த அம்மா இல்லவே இல்லை.

அதனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தோம். ஃபிரிட்ஜில் ஒன்று, டிராயரில் ஒன்று, அயர்ன் பாக்ஸில் ஒன்று. ஒவ்வொரு சீட்டிலும் மேலே ஆங்கில எழுத்து, கீழே அதன் உச்சரிப்பு செக் எழுத்தில். நைஃப் என்ற சொல்லின் முன்னால் ஒரு எழுத்தை எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது ஏன் என்று அவருக்குக் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. செக் மொழியில் எழுதினால் எழுதியபடி வாசிக்க வேண்டும், நம்மைப் போலவே. நாங்களும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துக்கொள்வோம் என்று சொன்னபோது, அப்படியானால் உன் எழுத்திலும் எழுது என்றார். அதனால் இன்று பிர்னோவில் ஒரு பனெலாக்கின், அதாவது கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய அந்தக் காலத்து அடுக்குமாடியின், மூன்றாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜ் மேல் தமிழ் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது மாதம் கால்விரல் பிரச்சினை வந்தது. பையன் சைக்கிளிலிருந்து விழுந்து, 'மை டோ, மை டோ' என்று போனில் அழுதிருக்கிறான். பாட்டிக்கு டோ என்றால் என்னவென்று தெரியாது. காலைத் தூக்கி கேமராவில் காட்டினான். ஓ, லெக் ஃபிங்கரா என்று கேட்டார். அழுகையை நிறுத்திவிட்டு அவன் சிரித்துவிட்டான் என்று எனக்குச் சொல்லும்போது அவர் முகம் சின்னதாகிவிட்டது.

எனக்கு ஒரு வினாடியில் விளங்கிவிட்டது. செக்கில் கைக்கு 'ருக்கா', தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ருக்கா. காலுக்கு 'நொஹா', இடுப்புக்குக் கீழே பாதம் வரை எல்லாம் நொஹா. விரலுக்கு 'ப்ர்ஸ்ட்', பேருக்குக்கூட ஒரு உயிரெழுத்து கிடையாது அந்தச் சொல்லில். கையில் இருந்தாலும் ப்ர்ஸ்ட், காலில் இருந்தாலும் ப்ர்ஸ்ட். கட்டைவிரல் 'பலெட்ஸ்', அதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான். கை, கால், விரல், கால்விரல், கட்டைவிரல் - தமிழன் உடம்பை எந்தெந்த இடத்தில் பிரிக்கிறானோ அதே இடத்தில்தான் செக்காரரும் பிரிக்கிறார். ஆங்கிலக்காரர்தான் கையை இரண்டாகவும் காலை இரண்டாகவும் வெட்டி, மேல் பாதிக்கு ஒரு பேர், கீழ்ப் பாதிக்கு ஒரு பேர் வைத்து, காலில் உள்ள விரலுக்கு விரல் என்ற பேரையே தராமல் விட்டுவிட்டார். நான் என் கையை மேசை மேல் நீட்டி வைத்து, எங்களுக்கும் இது முழுக்க ஒன்றுதான் அம்மா, எங்களுக்கும் அது கால்விரல்தான் என்றேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவால் என் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டு, 'இங்கதான் வெட்டணும், சரியா?' என்றார். சரி என்றேன். தன் கையிலும் போட்டுக்கொண்டார், கணுக்காலிலும் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அந்தச் சொற்களில் தடுமாறியதே இல்லை.

தெரியாத பொருளுக்குப் புதுப் பேர் கற்பது சுலபம். பிறந்ததிலிருந்து ஒன்றாகப் பார்த்த ஒன்றை இரண்டாகப் பார்ப்பதுதான் கஷ்டம். சொல்வதற்கும் ஒருவரிடம் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு வினை, செக்கிலும் தமிழிலும் ஒன்றை வைத்தே சமாளிக்கலாம். செய்வதற்கு இரண்டு வினை. இந்த இடங்களில் எல்லாம் நான் ஆங்கிலம் கற்றபோது எங்கே இடறினேனோ அங்கேயேதான் அந்த அம்மாவும் இடறினார். இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் ஏன் இடறுகிறார் என்றே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உணர்ச்சிகளும் அப்படித்தான். 'யெ மி ஸிமா' என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்குக் குளிராக இருக்கிறது'. எனக்குப் பிடிக்கிறது, எனக்கு ருசிக்கிறது, எனக்கு 68 வயது, எல்லாமே 'எனக்கு'தான். ஆங்கிலத்தில் நானே குளிராக இருக்க வேண்டும், நானே 68 ஆக இருக்க வேண்டும். செக் இலக்கணத்தில் வேற்றுமை ஏழு, நம்மைப் போலவே முதலாவது இரண்டாவது என்று எண் போட்டுத்தான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளி வேற்றுமை அவர்களுக்கு ஐந்தாவது, நமக்கு எட்டாவது. அதனால் நான் அவரைக் கூப்பிடுவது 'பனீ சோசெத்கோ', அண்டைவீட்டம்மாவே என்று விளியில். நீ, நீங்கள் வித்தியாசமும் அவர்களுக்கு உண்டு, பெரியவர்தான் முதலில் 'நீ என்றே சொல்லலாம்' என்று அனுமதி தர வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து எனக்கு அந்த அனுமதி தந்தார். எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை, நீங்கள் என்றுதான் வருகிறது.

ஒரே மாதிரி ஒலித்து ஏமாற்றும் சொற்கள் தனிக் கதை. போன கிறிஸ்துமஸுக்கு மான்செஸ்டர் போனவர், சம்பந்தியம்மா வீட்டு வாசலில் நின்று, 'நான் உங்கள் ஹோஸ்ட்' என்றிருக்கிறார். செக்கில் 'ஹொஸ்ட்' என்றால் விருந்தாளி. ஆங்கிலத்தில் விருந்து வைக்கிற வீட்டுக்காரர். சம்பந்தியம்மா வீட்டிலேயே போய் நின்று, நான்தான் இந்த வீட்டுக்காரி என்று சொன்ன கணக்கு. சம்பந்தியம்மா நல்லவர், உள்ளே வாங்க என்று கட்டிப்பிடித்துக்கொண்டாராம். வேர் பார்த்தால் இரண்டும் ஒரே பழைய சொல்லிலிருந்து வந்தவை, வருகிறவரும் வரவேற்கிறவரும் ஒரே பேரில் இருந்து பிரிந்தவர்கள். நம்மிடமும் பழைய தமிழில் விருந்து என்றால் வந்த ஆளைத்தான் குறிக்கும், இன்றைக்கு அது இலையில் போடுகிற சாப்பாடாகிவிட்டது.

'ப்ரொஸீம்' என்ற சொல் இல்லாமல் செக்காரரால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. ஏதாவது கேட்கும்போது ப்ரொஸீம். நன்றி சொன்னால் பதிலுக்கு ப்ரொஸீம். போனை எடுத்ததும் ப்ரொஸீம். காதில் விழவில்லை என்றால் இழுத்து, ப்ரொஸீம்? தேநீர்க் கோப்பையை நீட்டும்போதும் அதே. அகராதியில் இதற்கு முதல் பொருள் ப்ளீஸ், அதனால் அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ப்ளீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டி ப்ளீஸ் என்றால் ஆங்கிலக்காரருக்கு இவர் ஏதோ கேட்கிறார் என்று தோன்றுகிறது, கொடுப்பதாகத் தோன்றவில்லை. நீட்டும்போது சொல்வதற்கு நம்மிடம் 'இந்தாங்க' இருக்கிறது, ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல் சேர்ந்த ஒரு வாக்கியமே இருக்கிறது. நாலு சனிக்கிழமை இதற்கே போனது. நான் கோப்பையை நீட்டுவேன், அவர் வாங்குவார், அப்புறம் அவர் நீட்டுவார். ஆறிப்போன தேநீர் நிறையக் குடித்தோம்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நமக்கு ஒரு வகரம்தான், அவர்களுக்கும் பேச்சில் ஒன்றுதான், ஆங்கிலத்தின் இரண்டு வகரத்தில் இருவருமே தொலைந்துபோவோம். சொல்லின் கடைசியில் வரும் மெல்லொலி அவர்கள் வாயில் வல்லொலியாகிவிடும், பையும் முதுகும் ஒன்றுபோலவே கேட்கும். தமிழில் எழுதினால் எனக்கும் இரண்டும் பேக்தான்!

எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது தயிர். 'த்வரொஹ்' இல்லாமல் செக் சமையல் இல்லை. பாலைத் திரிய வைத்து, நீரை வடித்து, பிழிந்து எடுக்கிற வெள்ளைக் கட்டி. கேக்கில் வைப்பார்கள், ரொட்டியில் தடவுவார்கள். அகராதியில் பார்த்தார், கர்ட் என்று போட்டிருந்தது. நான் இல்லவே இல்லை, கர்ட் என்றால் தயிர், கரண்டியால் எடுத்துச் சாதத்தில் ஊற்றிப் பிசைவது என்று அடித்துச் சொன்னேன். சனிக்கிழமை மாலை மகளிடம் போனில் கேட்டோம். தயிருக்கு இங்கே யோகர்ட், கர்ட் என்றால் திரிந்த பால் என்றார். நம் ஊரில் இத்தனை வருஷமாகக் கர்ட் ரைஸ் என்று சொல்லி வந்த வாய். கத்தரிக்காய்க்கு நான் சொல்லிக்கொடுத்த பிரிஞ்சாலும் மான்செஸ்டரில் செல்லாது, அங்கே ஓபர்ஜீன். குக்கர் என்றால் எனக்கு விசில் அடிப்பது, பையனுக்கு அடுப்பு. நான் அன்றாட ஆங்கிலம் என்று கையில் வைத்திருந்தது எங்கள் ஊர் அன்றாடத்தின் ஆங்கிலம். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், கோயம்புத்தூரில் அதுதான் சரி. ஆனால் இந்த அம்மாவுக்கு வேண்டியது அந்த ஒரு பையனின் வீட்டில், அந்த ஒரு மேசையில் புழங்குகிற சொற்கள். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் பையனையே கேட்பது என்று முடிவு செய்தோம். பாட்டிக்கு வாத்தியார் ஆகிவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

ஒருநாள் எனக்குப் பணம் தருகிறேன் என்று 200 கொருனா நோட்டை மேசையில் வைத்தார். வாங்க மாட்டேன் என்று தள்ளினேன். தள்ளும்போதுதான் அந்த நோட்டில் இருப்பவரைச் சரியாகப் பார்த்தேன். கொமென்ஸ்கீ, வெளியுலகில் கொமீனியஸ் என்பார்கள். 1592-இல் இந்த மொராவியாவில் பிறந்தவர், மதப் பிரச்சினையில் 1628-இல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவே முடியாமல் 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அவர் பிறந்த நாளான மார்ச் 28-ஐத்தான் இங்கே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் மொழி கற்பதற்காக அவர் 1658-இல் நியூரம்பெர்கில் வெளியிட்ட படப் புத்தகத்தில் 150 படங்கள். ரொட்டி சுடும் இடம், சமையலறை, தையல்காரர் கடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், பக்கத்தில் உள்ள வாக்கியத்தில் அந்தச் சொல் வரும் இடத்திலும் அதே எண். எழுத்துக் கற்பிக்கும் முதல் பக்கத்தில் காகம் 'ஆ ஆ' என்று கத்துகிறது. லத்தீனிலும் ஜெர்மனிலும் வந்த அந்தப் புத்தகம் அடுத்த வருஷமே ஆங்கிலத்தோடு லண்டனில் வந்துவிட்டது. அவருடைய தாய்மொழியான செக்கில் வந்தது 1685-இல், அவர் இறந்து 15 வருஷம் கழித்து. ஒரு செக்காரரின் படப் புத்தகத்தை ஆங்கிலப் பிள்ளைகள் முதலில் படித்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அந்த அம்மா நோட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் ஒரு பெரியவர் கையும் ஒரு குழந்தை கையும். ஆயுசு முழுக்க இந்த நோட்டைக் கொடுத்து ரொட்டி வாங்கியிருக்கேன், இதைப் பார்த்ததே இல்லை என்றார்.

நாங்களும் அதையே செய்தோம். அவர் சமையலறையைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்து, எண் போட்டோம். 43 எண் வந்தது. அதே மாதிரி தன் வீட்டுச் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பையனிடம் சொன்னோம், அவனும் எண் போட்டு அனுப்பினான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள், உன் 12 என்ன, என் 12 என்ன என்று. இதைப் போல ஒரு பாடப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நடுவில் ஒரு விஷயம் அவருக்குத் தெம்பு கொடுத்தது. தனக்கு ஏற்கெனவே எத்தனை ஆங்கிலச் சொல் தெரியும் என்று அவருக்கே தெரியாது. ஸ்வெட்ருக்கு ஸ்வெட்ர், வாரக் கடைசிக்கு வீகெண்ட், காலையில் பன்றிக்கறியும் முட்டையும் சேர்த்துப் பொரிக்கிற பலகாரத்துக்கு 'ஹெமெனெக்ஸ்'. இது மூன்று ஆங்கிலச் சொல் ஒட்டிப்போனது என்றதும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், ஹெம், என்ட், எக்ஸ். பதிலுக்கு இவர்கள் கொடுத்ததும் உண்டு. ரோபோ என்ற சொல் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது, 'ரொபொட்டா' என்றால் கட்டாய உழைப்பு, அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன். டாலர் என்ற பேர் இந்நாட்டின் யாஹிமொஃப் என்ற ஊரின் வெள்ளி நாணயத்திலிருந்து கிளம்பியது. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் மட்டுமா, செக்கிலும் 'கட்டமரான்'. என் பங்குக்கு அதைச் சீட்டில் எழுதி ஜன்னலில் ஒட்டினேன், கடல் இல்லாத நாட்டில்.

ஜூலையில் பையன் வந்தான். ஜூன், ஜூலை இவர்களுக்கு 'செர்வென்', 'செர்வெனெட்ஸ்', இரண்டையும் குழப்பி மகள் டிக்கெட் போட்டுவிடுவாளோ என்று பாட்டிக்கு ஒரே பயம். காலையில் இருவரும் ஏரிக்கரைக்குப் போகும் 1-ஆம் எண் டிராமில் ஏறி, காட்டுக்குள் காளான் பறிக்கப் போவார்கள், ஒருநாள் நானும் போனேன். செக்காரருக்குக் காளான் ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் போதாது. பேர் மட்டும் எத்தனை! நரிக்கும் மஞ்சள் காளான் ஒன்றுக்கும் ஒரே பேர், செப்டம்பர் 28 புனிதர் வாத்ஸ்லாவ் திருநாளை ஒட்டி வருவதற்கு அவர் பேரையே வைத்திருக்கிறார்கள். குடை மாதிரி விரிகிற 'பெட்லா' என்ற ஒன்றைப் பையன் கண்டுபிடித்தான். இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று பாட்டி கேட்டார். அவனுக்குத் தெரியாது. அவன் அப்பாவைப் போனில் கேட்டான், அவருக்கும் தெரியாது, காளான் காளான்தான் என்றார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'பெட்லா' என்று அவனே சொல்லிக் கூடையில் போட்டான். அன்று ராத்திரி ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார், மூன்று சாப்பிட்டான்.

அவன் ஊருக்குப் போன பிறகு வந்த சனிக்கிழமை, எனக்கு ஒரு சொல் வேண்டும் என்றார். 'ஸ்தீஸ்கா செ மி'. இதற்குத் தமிழில் சொல்வது எனக்குச் சுலபம், எனக்கு அவன் ஞாபகமாகவே இருக்கிறது, எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அதிலும் அந்த 'எனக்கு' இருக்கிறது, ஏக்கம் தானாக வந்து நம் மேல் உட்காருகிற மாதிரி. ஆங்கிலத்தில் மிஸ் என்றேன். அவர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பஸ்ஸைத் தவற விடுவதற்கும் அதே சொல் போட்டிருந்தது. பஸ்ஸுக்கும் இவனுக்கும் ஒரே சொல்லா, வேறு இல்லையா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், அந்தப் பையன் காதில் உடனே விழுகிற சொல் வேறு இல்லை. சரி என்று எழுதிக்கொண்டார், மேலே ஆங்கிலம், கீழே செக் எழுத்தில் உச்சரிப்பு, அதற்குக் கீழே இடம் விட்டு என்னிடம் நீட்டினார். தமிழில் எழுதினேன். இதை எதில் ஒட்டுவது என்று கேட்டார். ஃபிரிட்ஜ், டிராயர், ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, வாசல் பக்கம் நின்றார். அங்கே அவன் விட்டுவிட்டுப் போன சின்ன ரப்பர் பூட்ஸ், காட்டு மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. வெலீஸ் என்று அவனே எழுதின சீட்டு ஏற்கெனவே அதில் இருந்தது. அதற்குக் கீழே ஒட்டினார்.